எளிமை எவர் உடைமை?

எளிமை என்னும் சொல்லைப் போல் வணிகர் கையிற் சிக்கிச் சீரழிந்த சொல் பிறிதொன்றில்லை. எளிய தவணை என்பான்; கடனில் ஆழ்த்துவான். எளிய வழி என்பான், வழியிலேயே பறிப்பான். எளிய சமையல் என்பான். சமைக்கும் அறிவையே அடுக்களையினின்று அகற்றி, அட்டைப்பெட்டிக்குள் அடைத்து, அதற்கு விலையும் வைப்பான். இம் மூன்றனுள் முன்னிரண்டையும் கண்டித்தெழுதுவார் பலர். மூன்றாவதைக் கண்டிப்பார் அரியர். 'உண்ணும் செய்திதானே' என்று விடுத்தனர் போலும்! உண்ணும் செய்தியினும் உயிர்க்கு அணுக்கமான செய்தி வேறு யாதுளது? ஆகலின், ஓருணவை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றையும் அதனை ஆக்கும் முறையையும் ஒருங்கே ஆராய்ந்து, எளிமை எவர் உடைமை என்பதை ஈண்டு நிறுவுவாம்.

வட அமெரிக்காவில் நியூசெர்சி மாநிலத்தில் வாழும் என் மகள் வீட்டிற் சில திங்கள் தங்க நேர்ந்தது. மகளும் மருமகனும் பணிக்குச் செல்வோர். மாலை ஆறு மணிக்குமேல் வீடு திரும்புவோர். குழந்தைகள் இருவரும் பசியோடு நிற்பர். ஒருநாள் மாலை என் மகள் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்தாள். உள்ளிருந்த பாசுத்தாவை வேகவைத்தாள். உடனிருந்த சிறு பையின் மஞ்சட்டூளைத் தூவினாள். தகரக் குவளையொன்றினின்று குழகுழவென்றிருந்த எதனையோ அதன்மேற் கொட்டி, வெதுப்படுப்பினுள் தள்ளினாள். பெட்டியின் முகப்பில் 'எளிது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பொருட்பட்டியலோ பின்புறத்திற் பொடியெழுத்தில் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன், மூச்சு வாங்கிற்று.

"இவ்வளவும் எதற்கம்மா?" என்றேன்.

"பணிநாள் மாலையில் இதைவிட்டால் வேறு வழியில்லை அப்பா. பொறுமையாகச் சமைப்பதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் வர வேண்டும்" என்றாள்.

வேறு வழியில்லை! வணிகன் அவளுக்கு முதலில் விற்ற சரக்கு இந்த நினைப்பே. பெட்டி இரண்டாவதாக வந்தது.

பெயரும் பிறப்பும்

பாசுத்தா என்பது இத்தாலியர் உணவு; அச்சொற்குப் பிசைந்த மாவு என்பது பொருள். ஓரினத்தார் தம் உணவிற்கு இட்ட பெயரைப் பிறர் மாற்றுதல் முறையன்று. இட்டலியை இட்டலி என்றே உலகம் சொல்லுதல் வேண்டும் என விரும்பும் நாம், அதே மதிப்பைப் பிறர்க்கும் அளிக்கக் கடமைப்பட்டுள்ளோம். வேகவைத்த பாசுத்தாவைக் குழம்பொடும் பாற்கட்டியொடும் ஓர் ஏனத்தில் இட்டு, வெதுப்படுப்பில் மீண்டும் வேகவைத்து, மேற்புறம் பொன்னிறமாக எடுப்பதை அவர்கள் 'பாசுத்தா அல் போர்னோ' என்பர். அடுப்பிலிட்ட பாசுத்தா என்பதே அதன் நேர்ப்பொருள். தென்னித்தாலியில் இது வீட்டுக்கு வீடு வேறுபடும். பலெர்மோ நகரத்தார் சிறு வளையம் போன்ற அனெல்லெத்தியைக் கொள்வர். நாப்போலியார் நீண்ட குழல் போன்ற சீத்தியைக் கொள்வர்.

இவ்வுணவைப் பற்றி வணிகர் கட்டிய பொய்யொன்று உலகெங்கும் உலவுகின்றது. சீனத்தினின்று 1295-இல் மீண்ட மார்க்கோ போலோவே பாசுத்தாவை இத்தாலிக்குக் கொணர்ந்தான் என்பது அது. இக் கதையைப் பரப்பியதில் 1929-இல் அமெரிக்க மாக்கரோனி வணிகரின் இதழில் வெளிவந்த கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. உண்மை யாது? சிசிலி அரசன் இரண்டாம் உரோசரின் அவையிலிருந்த அல் இத்ரீசி என்னும் நிலநூலறிஞர், திராபியா என்னும் ஊரில் மாவிழையுணவு மிகுதியாகச் செய்யப்பெற்றுக் கப்பலேறிப் பிறநாடு சென்றதை 1154-இலேயே எழுதிவைத்தார். செனோவா நகரில் இறந்துபட்ட ஒருவனின் உடைமைப் பட்டியலில் மாக்கரோனி நிறைந்த கூடையொன்று 1279-இலேயே குறிக்கப்பெற்றுள்ளது. போலோ மீளுமுன்னரே கூடை நிறைந்திருந்தது! உணவைப் பெட்டியில் அடைப்பவன் அதன் வரலாற்றையும் தன் விருப்பம்போல் அடைப்பான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நம்முள்ளும் சிலர் இடியப்பத்தைக் காட்டி, 'இங்கிருந்தே அங்குச் சென்றது' என்று கிளம்பக்கூடும். சான்றின்றி உரிமை கொண்டாடுதல் வணிகனுக்கு அழகாகலாம், புலவனுக்கு அழகன்று.

தாய்மொழியில் எழுதிய அடுக்களை

இத்தாலியின் அடுக்களை அறிவு பெட்டிக்குள் பிறந்ததன்று. தாயரின் நாவிற் பிறந்தது. கவால்காந்தி என்னும் நாப்போலிப் பெருமகன் தம் சமையல்நூலின் 1839-ஆம் ஆண்டுப் பதிப்பில், வீட்டுச் சமையலைப் பற்றிய பகுதியை ஊரார் பேசும் நாப்போலி மொழியிலேயே எழுதினார். விருந்திற்கு ஒரு மொழியும் வீட்டடுப்பிற்குத் தாய்மொழியும் என்று அவர் கண்ட வேறுபாடு எண்ணுதற்குரியது. பின்னர், பெல்லெகிரீனோ ஆர்த்தூசி என்பார் 1891-இல் ஒரு சமையல்நூலை வெளியிட்டார். பதிப்பகத்தார் ஏலாமையின் தம் கைப்பொருளைச் செலவிட்டே அச்சிட்டார். 475 குறிப்புகளொடு தொடங்கிய அந்நூல் அவர் வாழ்நாளிலேயே 790 குறிப்புகளாக வளர்ந்தது; இத்தாலிய இல்லங்கள்தோறும் புகுந்தது. அடுக்களையிற் பிரெஞ்சுச் சொற்கள் மண்டிக்கிடந்த காலத்தில், பால்கொண்டு ஆக்கும் வெண்குழம்பைப் பிரெஞ்சுப் பெயரால் வழங்காது 'பல்சமெல்லா' என்று தம் மொழி வடிவில் எழுதியவர் அவர். ஒரு குழம்பின் பெயரையும் விட்டுக்கொடாத அவ்வுள்ளத்தை நம்மவர் போற்றாதிரார். இவ் வெண்குழம்பை நினைவிற் கொள்க. இக் கட்டுரையின் உயிர்நிலை அதன்கண் உள்ளது.

பழித்தவரே விற்றார்

1880-க்கும் 1924-க்கும் இடையில் நாற்பது நூறாயிரத்திற்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவிற் குடியேறினர். பெரும்பாலார் தென்னாட்டு ஏழையர். அவர்தம் பூண்டையும் பாசுத்தாவையும் அந்நாட்டுக் குமுகப் பணியாளர் பலர் இழித்துரைத்தனர். பாசுத்தாவை உண்ணும் வீட்டார் இன்னும் அமெரிக்கராகவில்லை என்று கணக்கெழுதினர். உண்ணும் உணவால் ஓரினத்தின் தகுதியை அளக்கும் கீழ்மை எந்நாட்டிலும் கீழ்மையே.

பின்னர் நிகழ்ந்தது யாது? இழித்த அதே நாட்டில் அவ்வுணவே பெருஞ்சரக்காயிற்று. சான் தோரன்சு என்னும் வேதியலறிஞர் 1897-இல் காம்பெல் குழுமத்திற்காகச் சுண்டவைத்த சாற்றைத் தகரக் குவளையில் அடைக்கும் முறை கண்டார். 1934-இல் அக் குழுமத்தின் காளான் பாற்சாறு வந்தது. 1937-இல் கிராப்டுக் குழுமம் மாக்கரோனியையும் பாற்கட்டித் தூளையும் ஒரே பெட்டியில் அடைத்து, 19 செண்டுக் காசில் நால்வர்க்கு உணவு, ஒன்பதே மணித்துளியில் ஆயத்தம் என்று விற்றது. பொருளியல் வீழ்ச்சியும் போரும் வாட்டிய அக் காலத்தில் அப்பெட்டியை வாங்கிய தாயரை யான் குறைகூறேன். ஒன்றுமில்லா வீட்டில் அது பசி தணித்தது. அதனை மறைப்பது நேர்மையன்று.

ஆயின், இடர் நீங்கிய பின்னும் பெட்டி நீங்கவில்லை. தகரக் குவளைச் சாற்றைப் பாசுத்தாவின்மேற் கொட்டி அடுப்பிலிடுவதே பணிநாட் சமையல் என்று 1950-களில் நாடெங்கும் வேரூன்றியது. இதற்கு அறிவுரை கூறிய அன்னையார் எவர்? மாவு ஆலைக் குழுமமொன்று 1921-இற் படைத்த பெட்டி கிராக்கர் என்னும் பெண். ஐயம் கேட்டெழுதிய இல்லத்தரசியர்க்கெல்லாம் அவர் கையொப்பமிட்டு விடையெழுதினார். உண்மையில் அப்படியொரு பெண் உலகிற் பிறக்கவேயில்லை! குழுமத்தார் புனைந்த பெயர் அது. தாயின் இருக்கையிற் பிறவாத ஒருத்தியை அமர்த்தினர். அவளுக்குப் பெயரும் 'பெட்டி' என்றே இட்டனர். நம் மொழியிற் பொருள் பொருந்தியது தற்செயலே, ஆயினும் பொருந்திற்று!

குவளைக்குள் இருந்தது யாது?

இனி உயிர்நிலைக்கு வருவாம். அத் தகரக் குவளைச் சாறு பாசுத்தாவிற் செய்யும் வேலை யாது? பாலையும் கொழுப்பையும் மாவாற் கெட்டியாக்கி, பாசுத்தாவைப் பிணைத்து, அடுப்பில் உலராது காப்பதே. அவ்வளவே! அஃதாவது, ஆர்த்தூசியின் வெண்குழம்பு செய்யும் வேலையையே அது செய்கின்றது. வெண்ணெய், மாவு, பால் என்னும் மூன்று பொருள்; எட்டு முதற் பத்து மணித்துளி; ஒரு கரண்டி. இதனை அறிந்தவட்குக் குவளை வேண்டா. அறியாதவட்கு என்றும் வேண்டும். ஆகவே வணிகன் விற்பது குழம்பையன்று, அறியாமையையே விற்கின்றான். எளிமை முன்னரே அவள் கையில் இருந்தது. அதனை மறக்கச் செய்து, மறந்தபின் அவட்கே திரும்ப விற்கின்றான்.

செய்முறை

அடுத்த வீட்டில் இத்தாலிய வழிவந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். என் மகள் வாயிலாக அவரிடம் கேட்டறிந்து, பன்முறை என் கையாலேயே செய்துபார்த்தபின் இதனை எழுதுகின்றேன். நால்வர்க்குரிய அளவு இது:

குழல் வடிவப் பாசுத்தா 400 கிராம்; தோலுரித்த தக்காளி 800 கிராம்; ஒலிவ எண்ணெய் மூன்று கரண்டி; பூண்டு மூன்று பல்; வெண்ணெய் 40 கிராம்; கோதுமை மாவு 40 கிராம்; பால் 500 மில்லி இலிட்டர்; மொத்சரெல்லா என்னும் உருகும் பாற்கட்டி 200 கிராம்; துருவிய பார்மேசான் பாற்கட்டி 80 கிராம்; வேண்டுமளவு உப்பு; கிடைப்பின் திருநீற்றுப்பச்சிலை சில.

மாலை ஆறரை மணிக்கு நான்கு இலிட்டர் நீரை உலையேற்றி, 30 கிராம் உப்பிடுக. வெதுப்படுப்பை 200 செல்சியசுப் பாகைக்கு மூட்டுக. நீர் கொதிக்குமுன், மற்றோர் அடுப்பில் எண்ணெயிற் பூண்டை மணம் வரும்வரை வதக்கி, தக்காளியை மசித்திட்டு, அளவாய் உப்பிட்டு, இருபது மணித்துளி கொதிக்கவிடுக. தக்காளி தகரக் குவளையில் வந்ததாயினும் இழுக்கில்லை. காற்றுப் புகாது அடைத்துக் காய்ச்சி உணவைக் காக்கும் முறையைப் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் 1810-இலேயே நூலாக வெளியிட்டார். அது மாந்தர்க்கு நன்மையே செய்தது. குவளை நமக்குப் பகையன்று. தக்காளி எனச் சொல்லித் தக்காளியையே அடைத்த குவளை நேர்மையானது.

சிறு ஏனத்தில் வெண்ணெயை உருக்கி, மாவையிட்டு இரண்டு மணித்துளி கிளறுக. மாவுமணி ஒவ்வொன்றையும் நெய் சூழ்ந்துகொள்வதாற் கட்டி விழாது. பாலைச் சிறிதுசிறிதாக ஊற்றிக் கிளறிக்கொண்டே கொதிக்கவிடின், மாவுமணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், குழம்பு தடிக்கும். இதுவே வெண்குழம்பு. மறைபொருள் ஒன்றுமில்லை.

உலை கொதித்ததும் பாசுத்தாவை இடுக. உறையிற் குறித்த நேரத்திற்கு மூன்று மணித்துளி முன்னரே வடித்துவிடுக. இதனை மறந்தார் கெட்டார்! அடுப்பினுள் அஃது இரண்டாம் முறை வேகுமாதலின், முன்னரே முழுதும் வெந்தது களியாகும். வடித்த நீரில் ஒரு குவளையை எடுத்துவைக்க.

பாசுத்தா, தக்காளிக் குழம்பு, வெண்குழம்பு, பார்மேசானிற் பாதி ஆகியவற்றைக் கலந்து, வடித்த நீரிற் சிறிதும் ஊற்றுக. கலவை சற்றே தளர்ந்திருத்தல் வேண்டும். பாசுத்தா மேலும் நீர் உறிஞ்சும். ஏறத்தாழ 33 செ.மீ. நீளமும் 23 செ.மீ. அகலமும் உள்ள ஏனத்திற் பரப்பி, மொத்சரெல்லாவை நீர் வடித்துப் பிய்த்திட்டு, எஞ்சிய பார்மேசானைத் தூவுக. வெதுப்படுப்பில் 25 மணித்துளி. மேற்புறம் பொன்னிறமாகி, ஓரங்கள் குமிழியிட்டதும் எடுத்துப் பத்து மணித்துளி ஆறவிடுக. அப்போதே இறுகிப் பரிமாற வரும். ஏழே முக்கால் மணிக்குள் நால்வரும் உண்ணலாம்.

இதன்கண் கைவேலை அரைமணி நேரமே. எஞ்சியதெல்லாம் அடுப்பின் வேலை. அந்த அரைமணியும் இல்லாத நாளில் வெண்குழம்பை விடுத்து, வடித்த நீரையே மிகுதியாகச் சேர்க்க. முதல்நாள் இரவே கலந்து குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை அடுப்பிலிடினும் ஆம். குளிர்ந்திருத்தலின் பத்து மணித்துளி கூடுதலாக வேகட்டும்.

தடை விடைகள்

"ஒன்பது மணித்துளிப் பெட்டிக்கு இஃது ஈடாகுமா?" என்பார் உளர். ஆகாது. விரைவிற் பெட்டியே வெல்லும். பொய்கூறி வழக்கை வெல்ல யான் விரும்பவில்லை. ஆயின் விரைவு வேறு, எளிமை வேறு. பிறர் தூக்கிச் செல்லும்போது குழந்தை விரைந்து செல்லும். தானே நடக்குங்கால் மெல்லச் செல்லும். எது அதற்கு வலிமை?

மறுபுறத்தினின்று வேறொரு கூட்டம் கிளம்பும். "மூன்று மணிநேரம் இறைச்சிக் குழம்பு கொதியாவிடின், பொடியுருண்டைகள் நூறு பொரித்திடாவிடின் அது பாசுத்தாவே அன்று" என்று முகம் சுளிக்கும் சுவைவல்லார் அவர். இலாம்பெதூசாவின் புகழ்பெற்ற புதினத்தில் (1958) சிசிலிக் கோமகனின் விருந்துக்கு வரும் மாக்கரோனி அப்பத்தைக் காட்டி, அதுவே மரபென்பர். அது கோமகன் வீட்டு மரபு. ஏவலர் பலர் வேண்டும் மரபு. உழைத்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அதனை அளவுகோலாக்குவது அவளை மீண்டும் பெட்டியிடமே துரத்துவதாகும். வணிகன் 'உன்னால் இயலாது' என்கின்றான். சுவைவல்லான் 'இயன்றாலும் அது மரபாகாது' என்கின்றான். இருவர் வாயினும் வருவது ஒரே தீர்ப்பே!

பின், விட்டுக்கொடுக்கக் கூடாதது யாது? கோதுமை. உலர்ந்த பாசுத்தா வன்கோதுமை இரவையால் ஆதல் வேண்டும் என்று இத்தாலி 1967-இற் சட்டமே இயற்றியது. வன்கோதுமையின் பசைப்புரதம் உறுதியாயிருத்தலின், இருமுறை வெந்தும் வடிவு குலையாது. மென்கோதுமை கலந்த செருமானியப் பாசுத்தாவைப் பற்றிய வழக்கில், இறக்குமதியைத் தடுத்தல் ஆகாது. உறையில் உள்ளதை எழுதுதலே போதும் என்று ஐரோப்பிய முறைமன்றம் 1988-இல் தீர்த்தது. இத்தாலியரோ தம் ஆலைகள் உள்நாட்டிற்குச் செய்வதில் வன்கோதுமை நெறியை 2001-ஆம் ஆண்டின் ஆணையிலும் விடாது நிறுத்திக்கொண்டனர். உறையில் எழுதுவது போதும் என்பது தீர்ப்பாயின், உறையைப் படிப்பது நம் கடமையாகின்றது. 'எளிது' என்னும் கொட்டை எழுத்தை விடுத்துப் பின்புறப் பொடியெழுத்தைப் படிமின்!

கடைசிக் குற்றவாளி

வணிகனையும் சுவைவல்லானையும் சாடினேன். மூன்றாமவன் ஒருவன் எஞ்சியுள்ளான். மாலையில் வீடு திரும்பி நாற்காலியிற் சாய்ந்து, "உணவு ஆயிற்றா?" என்று கேட்கும் ஆடவன் அவன். முப்பதாண்டு பள்ளியில் அறநூல் கற்பித்த யானும் அவனே. என் மனைவியும் ஆசிரியையே; ஒரே மணியோசையில் இருவரும் பள்ளிவிட்டு வந்தோம். அவள் அடுக்களைக்கும் யான் செய்தித்தாளுக்கும் சென்றோம். அவள் பெட்டி வாங்கியிருப்பின் யான் நகைத்திருப்பேன், உதவியிருக்க மாட்டேன். இதனை எழுத நாணுகின்றேன், ஆயினும் எழுதுகின்றேன்.

என் மகள் வீட்டில், கேட்டறிந்த மறுநாள் மாலை, யான் பூண்டு உரித்தேன். மருமகன் பாற்கட்டி துருவினார். பெயர்த்தி வெண்குழம்பைக் கிளறினாள். மகள் அன்று அமர்ந்திருந்தாள். ஏழேமுக்காலுக்கு உண்டோம். "இவ்வளவுதானா அப்பா?" என்றாள். இவ்வளவுதான். பணிநாள் மாலையைக் கடிதாக்கியது பாசுத்தா அன்று. நான்கு பேர் உண்ணும் வீட்டில் இரண்டே கைகள் உழைத்ததே. அக் குறையை எந்தப் பெட்டியும் தீர்க்காது, மறைக்கவே செய்யும்.

அன்பர்களே! எளிமை வணிகனின் சரக்கன்று, அறிந்தாரின் உடைமை. அறிவு கைம்மாறுந்தோறும் வளரும். கைகள் கூடுந்தோறும் சுமை குறையும். ஆகவே இதனைப் படித்த ஆடவர் ஒவ்வொருவரும் இன்று மாலையே நாற்காலியை விட்டெழுக! இத்தாலியர் பாசுத்தாவாயினும் சரி, நம் வீட்டுப் புளிக்குழம்பாயினும் சரி, ஒன்றையேனும் முழுதுறக் கற்றுக்கொள்க; கற்றதை மக்கட்கும் கற்பிக்க! பெட்டி தானே கடையில் தங்கும்.